இரு காபரேற்றர்களும் ஒரு மிதியும்

மோட்டார் வண்டியின் எஞ்சினைக் குளிர்விக்க நீர் வேண்டும் என்பது பொதுவழக்கு. அவ்வழக்குக்கு மாறாக, விசிறி வீசும் காற்றைக் கொண்டே தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் எஞ்சின் ஒன்று ஜேர்மனியிலே உருவாகி, உலகமெங்கும் பரந்து, நம் நாட்டுத் தெருக்களிலும் பல்லாண்டுகள் ஓடியது. ஆமையின் முதுகை ஒத்த கூரையும், பின்புறத்திலிருந்து எழும் தனித்ததோர் ஓசையும் உடைய வொல்க்ஸ்வாகன் வண்டியை அறியாத நேயர்கள் மிகச் சிலரே. அவ்வெஞ்சினின் அமைப்பிலே ஓர் இடர்ப்பாடு தொடக்கமுதலே இருந்து வந்தது. அதனைத் தீர்க்க முயன்றவர்களின் கதை மோட்டார்த் தொழிலின் வரலாற்றில் ஒரு சிறு கிளைக்கதையே ஆயினும், கேட்கத்தக்க கதையாகும்.

அவ்வெஞ்சினில் சிலிண்டர்கள் நான்கு. இரண்டு வலப்புறமும் இரண்டு இடப்புறமுமாக, ஒன்றுக்கொன்று முதுகு காட்டிப் படுத்திருக்கும். பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கின்ற காபரேற்றரோ நடுவிலே, எஞ்சினின் உச்சியில் அமர்ந்திருக்கும். அங்கிருந்து இரு கைகளையும் விரித்தாற்போல ஒரு குழாய் இருபுறமும் நீண்டு, வளைந்து, சிலிண்டர்களின் தலைப்பகுதிக்கு இறங்கும். காற்று இலேசானது, வளைவிலே எளிதில் திரும்பிவிடும். பெற்றோல் துளி கனமானது. குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பெற்றோல் ஆவியாகும்பொழுது சுற்றிலுமுள்ள வெப்பத்தைக் கவர்ந்துகொள்வதால், குளிர் நாடுகளில் அக்குழாயின்மீது உறைபனி படிவதும் உண்டு. இதனைத் தடுக்கும் பொருட்டு, எரிந்து வெளியேறும் சூடான வாயுவின் ஒரு பகுதியைச் சிறு குழாயொன்றின் வழியே கொண்டுவந்து, உறிஞ்சு குழாயின் அடிப்பகுதியைச் சூடாக்கினர். அவ்வாறு செய்தும் நான்கு சிலிண்டர்களுக்கும் ஒரே தன்மையான கலவை கிடைத்ததாகக் கூறவியலாது.

அவ்வாறாயின் நடுவிலுள்ள ஒரு காபரேற்றரை நீக்கிவிட்டு, வலப்புறத்துக்கு ஒன்று, இடப்புறத்துக்கு ஒன்று என இரண்டினைச் சிலிண்டர்களின் அருகிலேயே பொருத்திவிட்டால் என்ன? நீண்ட குழாய் வேண்டியதில்லை, காற்றும் தாராளமாகப் புகும், வலுவும் கூடும். சொல்வதற்கு எளிது. ஆனால் வண்டியோட்டி மிதிக்கும் மிதி ஒன்றே. அந்த ஒரு மிதிக்கு இரண்டு காபரேற்றர்களும் ஒரே கணத்தில், ஒரே அளவில் பணிந்தாகவேண்டும். இதனை எவ்வாறு இயலச்செய்வது என்பதே தொழில்வல்லோரை நீண்ட காலம் அலைக்கழித்த வினா.

காபரேற்றரின் அடிப்படை மிகவும் எளியது. காற்றுச் செல்லும் குழாயின் நடுவிலே ஓர் இடுக்கமான கழுத்து. கழுத்தில் காற்று விரையும்பொழுது அங்கே அழுத்தம் குறையும். அவ்வழுத்தக் குறைவு, அருகிலுள்ள சிறு தொட்டியிலிருந்து ஜெற் எனப்படும் நுண்துளை வழியாகப் பெற்றோலை இழுத்துத் தூவும். தொட்டியில் ஒரு மிதவை இருந்து பெற்றோலின் மட்டத்தைக் காத்துக்கொள்ளும். கழுத்துக்குக் கீழே திறொட்டில் எனப்படும் வட்டத் தகடு ஒன்று அச்சில் சுழன்று, வழியைத் திறக்கவும் அடைக்கவும் செய்யும். பெற்றோலைத் தூவுகின்ற இம்முறையை 1893ஆம் ஆண்டளவில் ஜேர்மனியரான வில்ஹெல்ம் மைபாக் கையாண்டார். அதே காலத்தில் ஹங்கேரியில் பாங்கி, சோங்கா என்னும் இருவரும் இத்தகைய கருவியொன்றை அமைத்தனர். 1910ஆம் ஆண்டில் பாரிஸ் நகரிலே கூடார், மெனெஸோன் என்னும் நண்பர் இருவர் சொலெக்ஸ் என்ற பெயரில் காபரேற்றர் செய்யத் தொடங்கினர். பின்னர் பேர்லினில் அதே பெயரில் செய்யப்பட்டவையே வொல்க்ஸ்வாகன் எஞ்சினின் மேல் ஏறின.

பேர்டினண்ட் போர்ஷே என்னும் பொறியியலாளருக்கு மக்கள் வண்டியொன்றை வரைந்து தரும் பணி 1934ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஒப்படைக்கப்பட்டது. அக்காலம் நாற்சிகள் ஆட்சிபுரிந்த காலம். வண்டியின் விலை 990 றைஹ்ஸ்மார்க்குக்கு மேற்படலாகாது என்பது ஆட்சியாளரின் கட்டளை. வாரந்தோறும் முத்திரை வாங்கி ஒட்டிப் பணம் சேர்த்த ஏறத்தாழ 3 இலட்சத்து 36 ஆயிரம் பேரில் ஒருவருக்கேனும் அத்திட்டத்தின்படி வண்டி கிடைக்கவில்லை. போர்க்காலத்தில் அத்தொழிற்சாலை கட்டாயத் தொழிலாளரின் வியர்வையில் இயங்கியது. எஞ்சினின் சிறப்பைப் பேசும்பொழுது இவற்றையும் நினைவிற்கொள்ளுதல் வேண்டும்.

அவ்வெஞ்சினை 1935ஆம் ஆண்டளவில் வரைந்தவர், போர்ஷேயின் அலுவலகத்திலிருந்த பிரான்ஸ் றைம்ஸ்பீஸ் என்பவர். ஜேர்மனியின் புதிய நெடுஞ்சாலைகளில் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் நாள் முழுவதும் ஓடினாலும் எஞ்சின் சிதையலாகாது என்பது நோக்கம். அதற்கு அவர்கள் கண்ட வழி வியப்பானது. எஞ்சினின் மூச்சையே ஒடுக்கிவிட்டனர். சிறியதொரு காபரேற்றர், மெலிந்த உறிஞ்சு குழாய், ஒவ்வொரு புறத்திலும் இரு சிலிண்டர்களுக்கும் பொதுவாக ஒரே நுழைவாய்: இவற்றால் எஞ்சின் விரும்பினாலும் மிகுதியாகக் காற்றை உள்ளிழுக்க இயலாது. அதனால் அதன் உச்ச வேகமே நெடுநேரம் ஓடத்தக்க வேகமாகவும் அமைந்தது. 985 கன சென்ரிமீற்றர் கொள்ளளவில் அது தந்தது 23½ குதிரைவலு மாத்திரமே. ஒற்றைக் காபரேற்றரை அறியாமையின் அடையாளமாகக் கருதுவோர் இதனை மறந்துவிடுகின்றனர். அஃது எண்ணிச் செய்யப்பட்ட கட்டுப்பாடு. பின்வந்த ஒவ்வொருவரும் இரண்டாவது காபரேற்றரைப் பொருத்தியபொழுது, இக்கட்டுப்பாட்டையே தளர்த்தினர்.

முதலில் தளர்த்தியவர்களும் போர்ஷேயின் அலுவலகத்தினரே. 1939ஆம் ஆண்டு செப்டெம்பரில் பேர்லினிலிருந்து உரோமாபுரி வரை ஓர் ஓட்டப் போட்டி நடத்தத் திட்டமிடப்பட்டிருந்தது. அதற்கென மக்கள் வண்டியின் உறுப்புகளைக் கொண்டே, அலுமினியத் தகட்டால் உருண்டு திரண்ட உடலமைப்புடன் மூன்று வண்டிகள் கட்டப்பட்டன. எஞ்சினிலே வால்வுகளைப் பெரிதாக்கினர், அழுத்தத்தைக் கூட்டினர், காபரேற்றர்கள் இரண்டினைப் பொருத்தினர். போட்டி நடைபெறவில்லை. அந்த மாதத்தின் முதல் நாளிலேயே உலக மகாயுத்தம் மூண்டது.

போர் முடிந்தபொழுது இரண்டு காபரேற்றர்களைப் பற்றி எண்ணுவார் இல்லை. ஒன்று கிடைப்பதே அரிதாயிற்று. வொல்ஸ்பேர்க் தொழிற்சாலையின் பொறுப்பு 1945ஆம் ஆண்டில் ஐவன் ஹேர்ஸ்ற் என்னும் பிரித்தானிய இராணுவ மேஜரின் கைக்கு வந்தது. காபரேற்றர் வழங்கும் வழி அடைபட்டிருந்தது. ஹேர்ஸ்ற் என்ன செய்தார்? ஒரு காபரேற்றரைப் பிரித்து மேசைமீது பரப்பினார். பெரிய வார்ப்புப் பகுதிகளைத் தொழிற்சாலையிலேயே செய்விக்கலாம் எனக் கண்டார். நுண்மையான சிறு உறுப்புகளைச் செய்யும் வேலையை, அருகிலுள்ள பிறவுன்ஸ்வைக் நகரில் புகைப்படக் கருவிகள் செய்துவந்த வொய்க்லண்டர் நிறுவனத்திடம் ஒப்படைத்தார். கண்ணாடி வில்லைகளுக்கும் சிறு திருகுகளுக்கும் பழகிய கைகள், பெற்றோல் செல்லும் துளைகளைத் துளைத்தன. காபரேற்றர் எத்துணை நுண்மையான கருவி என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை.

அதே காலத்தில் ஆஸ்திரியாவின் மலைச்சாரலிலுள்ள ஜிமுண்ட் என்னும் சிற்றூரில், பழைய மர ஆலையொன்றில் போர்ஷே குழுவினர் ஒதுங்கியிருந்தனர். தந்தையார் பிரான்சில் சிறைவைக்கப்பட்டிருந்த காலத்தில் மகன் பெரி போர்ஷே குழுவை நடத்தினார். தம் பெயரில் ஓட்ட வண்டியொன்றைக் கட்டவேண்டும் என்பது அவர் விருப்பம். கையிலிருந்ததோ வொல்க்ஸ்வாகனின் 25 குதிரைவலு எஞ்சின் ஒன்றே. 1948ஆம் ஆண்டு யூன் 8ஆம் திகதி அரசாங்க அனுமதி பெற்ற 356 என்னும் முதல் வண்டியில் அதனை 35 குதிரைவலுவுக்கு உயர்த்தினர். அதனைத் தொடர்ந்து அங்கே கையாற் கட்டப்பட்ட கூரை வண்டிகளில், 1,100 கன சென்ரிமீற்றர் பந்தய வகுப்பினுள் அடங்கும்படி சிலிண்டர்களைச் சற்றே ஒடுக்கி, 1,131 என்பதை 1,086 ஆக்கினர். கொள்ளளவு குறைந்தது, வலுவோ 40 ஆயிற்று. வேறு மாற்றங்களும் உண்டு. எனினும் இருபுறமும் வைக்கப்பட்ட இரண்டு சொலெக்ஸ் காபரேற்றர்கள் இல்லையேல் அது நிகழ்ந்திருக்காது. 1951ஆம் ஆண்டு பிரான்சின் லெ மான் நகரில் 24 மணி நேரம் ஓடும் பந்தயத்தில் வொய்யே, மூஷ் என்னும் பிரெஞ்சுக்காரர் இருவர் ஓட்டிய 356 வண்டி அவ்வகுப்பில் முதலிடம் பெற்றது.

இனி, அந்த இரண்டினையும் பிணைக்கும் கம்பிகளைப் பற்றிக் கூறவேண்டும். பந்தய வெற்றிகளைப் பற்றி எழுதுவோர் பலர். கம்பிகளைப் பற்றி எழுதுவோர் சிலர். உண்மையில் வேலையின் பெரும்பகுதி கம்பிகளிலேதான் இருக்கின்றது.

மிகவும் எளிய முறை, மிதியிலிருந்து வரும் இழைக்கம்பியை ஒரு காபரேற்றரில் மாட்டி, அங்கிருந்து ஒரு குறுக்குக் கம்பியால் மற்றதை இழுப்பது. இதில் ஒன்று தலைவனாகவும் மற்றது பின்தொடர்பவனாகவும் ஆகிவிடும். மூட்டுகளில் மயிரிழை தேய்மானம் இருந்தாலும் பின்தொடர்பவன் பிந்துவான். இதனினும் மேலானது, நடுவிலே ஒரு குறுக்கு அச்சை இருபுறமும் எட்டுமாறு அமைத்து, இழைக்கம்பி அவ்வச்சைச் சுழற்றுமாறு செய்வது. அச்சின் இரு முனைகளிலும் ஒரே அளவான நெம்புகோல்கள். அவற்றிலிருந்து செங்குத்தாக இறங்கும் இரு கம்பிகள் திறொட்டில்களைத் திறக்கும். அக்கம்பிகளின் ஒரு முனையில் வலச்சுற்றுப் புரியும் மறுமுனையில் இடச்சுற்றுப் புரியும் வெட்டியிருப்பார்கள். கம்பியைக் கழற்றாமலே விரல்களால் திருகி அதன் நீளத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். சிறியதோர் உபாயம், ஆனால் அதனைக் கண்டவர் நல்ல மூளையுடையவராகவே இருந்திருப்பார்.

நெம்புகோல்கள் ஒரே நீளமாக இருந்தால் மட்டும் போதாது. அவை தொடங்கும் கோணமும் ஒன்றாக இருத்தல் வேண்டும். கோணம் வேறுபட்டால், எஞ்சின் நின்றநிலையில் மெல்ல ஓடும்பொழுது இரண்டும் ஒத்திருக்கும். பாதி மிதித்தவுடன் ஒன்று முந்திவிடும். வண்டியோட்டிக்குக் காரணம் புரியாது. இழுவையிலே ஒரு தடுமாற்றம் மட்டும் தெரியும். இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு முந்த, மற்றது நுகத்தில் பிந்தினால் வண்டி எவ்வாறு கோணுமோ அவ்வாறே இதுவும்.

அடுத்தது வெப்பம். நீரால் குளிரும் எஞ்சின் ஏறக்குறைய ஒரு நிலையான சூட்டிலேயே நிற்கும். காற்றால் குளிரும் எஞ்சின் அவ்வாறன்று. அதன் உடல் மக்னீசியக் கலவையாலும், தலைப்பகுதி அலுமினியத்தாலும், சிலிண்டர்கள் இரும்பாலும் ஆனவை. சூடேறும்பொழுது அது பக்கவாட்டில் விரியும். இரு காபரேற்றர்களும் இரு ஓரங்களில் இருப்பதால், அவற்றின் இடைவெளியும் மெல்ல அதிகரிக்கும். காலைக் குளிரில் செம்மையாகப் பூட்டிய கம்பிகள், நண்பகற் சூட்டில் ஒரு திறொட்டிலைச் சற்றே இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆதலால் அனுபவசாலிகள் எஞ்சினை நன்றாகச் சூடாக்கிய பின்னரே அளவு பார்ப்பார்கள். முதலில் இணைப்புக் கம்பிகளைக் கழற்றிவிடுவார்கள். இரண்டும் தத்தம் திருகில் தங்கி, ஒரே அளவு காற்றை இழுக்கும்படி தனித்தனியே திருத்துவார்கள். பின்னரே கம்பிகளை மாட்டுவார்கள். மாட்டும்பொழுது இரண்டு தகடுகளுள் எதுவும் அசையலாகாது. அசைந்தால் கம்பியின் நீளம் பிழை.

ஒரே அளவு காற்று என்பதை எவ்வாறு அறிவது? பழைய முறை, ஒரு றப்பர் குழாயின் ஒரு முனையைக் காபரேற்றரின் வாயிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்பது. காற்று புகும் சீறலின் சுருதி இருபுறமும் ஒன்றாக வரவேண்டும். பின்னர் சிறு கருவிகள் வந்தன. அமெரிக்காவில் யூனி-சின் எனப்பட்ட கருவியில், கண்ணாடிக் குழாயினுள் ஒரு சிறு மிதவை காற்றின் வேகத்துக்கேற்ப மேலெழும். இருபுறமும் அது ஒரே உயரத்தில் நிற்கும்வரை திருகவேண்டும். கருவி வந்த பின்னரும் குழாயைக் கைவிடாதவர்கள் பலர்.

இவ்வளவு நுணுக்கம் வேண்டுமோ என நேயர்கள் வினவலாம். வேண்டும். ஒரு புறத்தில் பெற்றோல் குறைந்து காற்று மிகுந்தால், அப்புறத்துச் சிலிண்டர்களின் சூடு எல்லை மீறும். நீர் சூழ்ந்த எஞ்சினாயின் அந்நீர் ஓரளவு காப்பாற்றும். இங்கே வெளியேற்று வால்வு கருகும். சில வேளைகளில் அதன் தலை முறிந்து பிஸ்டனைத் துளைக்கும். வலுவைக் கூட்ட எண்ணித் தொடங்கிய முயற்சி எஞ்சினின் முடிவாகிவிடும்.

இன்னொரு தொல்லை எஞ்சினின் இயல்பிலேயே உள்ளது. வலப்புறத்தில் 1, 2 எனவும் இடப்புறத்தில் 3, 4 எனவும் சிலிண்டர்களுக்கு எண் இட்டிருக்கின்றனர். அவை வெடிக்கும் வரிசை 1, 4, 3, 2. அதாவது 4ஐ அடுத்து 3. 2ஐ அடுத்து மீண்டும் 1. ஆகவே ஒரு புறத்துக் காபரேற்றரிலிருந்து இரு சிலிண்டர்கள் அடுத்தடுத்து மூச்சிழுக்கும். பின்னர் அது நீண்ட நேரம் சும்மா இருக்கும். முந்தியது மூச்சை முடிப்பதற்குள் பிந்தியது தொடங்கிவிடும். இதனைச் சமப்படுத்த இருபுறத்துக் குழாய்களையும் மெல்லிய குறுக்குக் குழாயால் இணைப்பது ஒரு வழி. சிலிண்டருக்கு ஒரு வாய் என, ஈர்வாய்க் காபரேற்றர்களை இருபுறமும் வைப்பது மற்றொரு வழி. போர்ஷே நிறுவனத்தார் 1950ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் செனித் நிறுவனத்தின் ஈர்வாய்க் காபரேற்றர்களை 356 வண்டியில் பொருத்தி இரண்டாம் வழியிற் சென்றனர்.

போர்ஷே வண்டியின் விலை சாதாரண மக்களுக்கு எட்டாதது. வொல்க்ஸ்வாகனை வைத்துக்கொண்டே அந்த விரைவை விரும்பியவர்களுக்கு வழி திறந்தவர் கேஹாட் ஓட்டிங்கர் என்னும் ஜேர்மனியர். அவருடைய நிறுவனத்தை ஒக்ராசா என்ற பெயரால் உலகம் அறிந்தது. 1950ஆம் ஆண்டுகளில் அவர் விற்ற பெட்டியினுள் இரண்டு சொலெக்ஸ் காபரேற்றர்களும், குழாய்களும், இணைப்புக் கம்பிகளும் இருந்தன. அவற்றோடு புதிய சிலிண்டர் தலைகளும் இருந்தன என்பதே குறிப்பிடத்தக்கது. மூலத் தலையில் இரு சிலிண்டர்களுக்கும் பொதுவாய் இருந்த ஒரு நுழைவாயை அவர் இரண்டாகப் பிரித்தார். தலையிலுள்ள இடுக்கு அப்படியே இருக்க, மேலே எத்தனை காபரேற்றர்களை அடுக்கினாலும் பெரும்பயன் இல்லை என்பதை அவர் அறிந்திருந்தார். வொல்க்ஸ்வாகன் நிறுவனம் தன் ஆமை வண்டிக்கு அத்தகைய இருவாய்த் தலையைக் கொடுத்தது 1970ஆம் ஆண்டில்தான்.

ஓட்டிங்கரின் பெட்டிகள் கடல் கடந்தன. கலிபோர்னியாவின் றிவர்சைட் நகரில் வொல்க்ஸ்வாகன் விற்பனையாளராயிருந்த ஜோ விற்றோன், எம்பி என்னும் தமது நிறுவனத்தின் மூலம் அவற்றை அமெரிக்க இளைஞருக்கு அறிமுகம் செய்தார். அவ்விளைஞர் அங்கே நிற்கவில்லை. எடுவார்டோ வெபர் என்பவர் 1923ஆம் ஆண்டில் இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில் தொடங்கிய நிறுவனத்தின் ஈர்வாய்க் காபரேற்றர்களைத் தேடிப் பிடித்தனர். 48 மில்லிமீற்றர் வாயுடைய வெபர்களை இருபுறமும் ஏற்றி, கால் மைல் நேர்ப்பாதைப் பந்தயங்களில் பெரிய அமெரிக்க வண்டிகளை ஆமை வண்டியால் முந்தினர். அதைப் பார்த்துத் தெருவில் ஓடும் வண்டிகளுக்கும் அத்தகைய அகன்ற வாய்களைப் பொருத்தியவர்கள் ஏமாந்தனர். வாய் அகன்றால் மெதுவாக ஓடும்பொழுது காற்றின் விரைவு குறையும், பெற்றோல் தூளாகாமல் துளிதுளியாக விழும், எஞ்சின் இருமும். கடைத்தெருவுக்குச் செல்லும் வண்டிக்குப் பந்தய வண்டியின் தொண்டை ஆகாது.

வேறு சில மாற்றங்களும் இரண்டாவது காபரேற்றரைத் தொடர்ந்து வந்தே தீரும். தீப்பொறியின் காலத்தை முன்தள்ளும் டிஸ்ரிபியூட்டர், பழைய எஞ்சின்களில் அந்த ஒற்றைக் காபரேற்றரிலிருந்து வரும் உறிஞ்சலையே நம்பியிருந்தது. அது நீங்கியதும் சுழற்சி வேகத்தால் தானே இயங்கும் வேறு டிஸ்ரிபியூட்டர் தேவையாயிற்று. பழைய சூட்டுக் குழாயின் துளைகளை இறுக அடைக்கவேண்டும். ஜெற்களை வண்டிக்கு வண்டி மாற்றிப் பார்க்கவேண்டும். காபரேற்றரை வாங்கியவர் பலர் இவற்றை வாங்க மறந்தனர்.

தொழிற்சாலைகளும் வாளாவிருக்கவில்லை. அமெரிக்காவில் செவ்றலே நிறுவனம் 1960ஆம் ஆண்டுக்கென வெளியிட்ட கோர்வெயர் வண்டியில், பின்புறத்தில் காற்றால் குளிரும் ஆறு சிலிண்டர் எஞ்சினும், புறத்துக்கு ஒன்றாக இரு காபரேற்றர்களும் இருந்தன. 1965ஆம் ஆண்டு வண்டியில் நான்கு காபரேற்றர்களும் வந்தன. மெல்ல மிதித்தால் இரண்டு மட்டும் திறக்கும். அழுத்தி மிதித்தால் மற்ற இரண்டும் சேர்ந்துகொள்ளும். அந்த வண்டி 1969ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. வொல்க்ஸ்வாகன் நிறுவனம் 1961ஆம் ஆண்டில் 1500 என்னும் புதிய வண்டியை வெளியிட்டு, 1963ஆம் ஆண்டில் அதன் எஸ் வகைக்கு இரட்டைக் காபரேற்றர்களைக் கொடுத்தது. அழுத்த விகிதமும் உயர்த்தப்பட்டதால் 45 குதிரைவலு 54 ஆயிற்று. மக்கள் வண்டியின் மூச்சை ஒடுக்கிய தொழிற்சாலையே, ஏறக்குறைய கால் நூற்றாண்டின் பின் அதனைத் தன் கையால் விடுவித்தது எனலாம். பந்தயக்காரரின் வித்தையாக இருந்தது அன்றுமுதல் சாதாரணக் கராஜ் தொழிலாளியின் அன்றாடக் கடமையாயிற்று. கம்பிகளின் நீளமும் கோணமும் அறியாதவர் கையில் அந்த வண்டிகள் சீரழிந்தன. அறிந்தவர் கையில் நெடுங்காலம் உழைத்தன. போர்ஷேயின் 911 வண்டிக்கே இத்தொல்லை நேர்ந்தது. 1964ஆம் ஆண்டில் அதற்குப் பொருத்திய சொலெக்ஸ்கள் இழுவையில் தடுமாறியதால், 1966ஆம் ஆண்டில் அவை நீக்கப்பட்டு மூவாய் வெபர்கள் புகுந்தன.

இறுதியில் காபரேற்றரைத் துரத்தியது வேகத்தின் மீதுள்ள ஆசையன்று. புகையைப் பற்றிய சட்டமே. அமெரிக்கா 1968ஆம் ஆண்டு வண்டிகளுக்கு வெளியேற்றுப் புகையின் அளவைக் கட்டுப்படுத்தியது. இரண்டு காபரேற்றர்களையும் ஆண்டு முழுவதும் அவ்வளவுக்குள் நிறுத்திவைத்தல் அரிது. அதனால் 1967ஆம் ஆண்டிலேயே வொல்க்ஸ்வாகன் 1600 வண்டிக்கு, பொஷ் நிறுவனத்தார் செய்த மின்னணுக் கருவி வந்தது. காற்றின் அழுத்தத்தையும் எஞ்சினின் சூட்டையும் அளந்து, வேண்டிய பெற்றோலை அது நேரே நுழைவாயில் பீச்சியது. காற்றின் வாசலைக் காக்க ஒரே ஒரு திறொட்டில் போதுமாயிற்று. இரு புறங்களைப் பிணைக்கும் கம்பிகள் தேவையற்றுப் போயின. எனினும் பழைய முறை ஒரே நாளில் மறையவில்லை. 1971ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதல், 1,700 கன சென்ரிமீற்றர் எஞ்சினுடன் வந்த வொல்க்ஸ்வாகன் வான் வண்டிகளில் இரட்டைச் சொலெக்ஸ்களே இருந்தன. மெக்சிக்கோவின் புவெப்லா நகரில் 2003ஆம் ஆண்டு யூலை 30ஆம் திகதி கடைசி ஆமை வண்டி வெளிவந்தது. மொத்தம் செய்யப்பட்ட 2 கோடியே 15 இலட்சத்து 29 ஆயிரத்து 464 வண்டிகளுள் இறுதியான அதன் எஞ்சினில் காபரேற்றர் ஒன்றேனும் இருக்கவில்லை.

இலங்கையில் 1960ஆம் ஆண்டுகளிலும் அதன் பின்னரும் புதிய வண்டிகளின் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தமையால், முன்னர் வந்த வொல்க்ஸ்வாகன்கள் பழுதுபார்க்கப்பட்டுப் பழுதுபார்க்கப்பட்டே காலம் கடந்தன. அவற்றுட் பல இன்றும் ஓடுகின்றன. அவற்றின் மிகப்பெரும்பாலான எஞ்சின்களின்மேல் அந்த ஒற்றைச் சொலெக்ஸ் காபரேற்றரே அமர்ந்திருக்கின்றது. இரட்டைக் காபரேற்றர்களை வரவழைத்துப் பொருத்த விரும்புவோர் இன்றும் முதலில் செய்யவேண்டியது, எஞ்சினின் அழுத்தத்தை ஒவ்வொரு சிலிண்டராக அளந்து பார்ப்பதே. நான்கும் ஒத்திராத எஞ்சினில் காபரேற்றர்களை ஒத்திருக்கச் செய்ய எவராலும் இயலாது.